24 வோல்ட் சென்சாரும் 3.3 வோல்ட் கணினியும்: பாதுகாப்பாக இணைப்பது எப்படி?



நம் பகுதிப் பிள்ளைகள் பலர் இப்போது ராஸ்பெர்ரி பை, ஆர்டுயினோ போன்ற சிறிய கணினி போர்டுகளை வைத்துப் பழகுகிறார்கள். மத்திய அரசின் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கே இத்தகைய போர்டுகளைக் கொண்டு வந்து சேர்த்தது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். பள்ளிவாசல் மேல்தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க ஒரு கருவி செய்து தருகிறோம் என்று நம் மாணவர்கள் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். ஒளுச் செய்யும் தண்ணீரில் வீணாகாமல் காப்பதை மேல்தொட்டியில் வழிய விட்டுவிட்டால் என்ன பயன்?

ஆனால் இந்த முயற்சிகளில் பல முதல் நாளிலேயே முடிந்துவிடுகின்றன. தொழிற்சாலைக்காகச் செய்த சென்சார் ஒன்றை வாங்கி வருகிறார்கள். அதன் வயரை நேராகப் போர்டில் சொருகுகிறார்கள். போர்டு செத்துப் போகிறது. பெற்றோர் சிறுகச் சேர்த்து, அல்லது வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்பி வாங்கிய சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் அது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், “நமக்கு இது வராது” என்று பிள்ளை ஒதுங்கிவிடுவது. அந்த போர்டைக் காக்கும் பொருளோ பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம். பிள்ளைகள் படிக்கட்டும், பெற்றோரும் உடன் படியுங்கள். மின்சாரத்தோடு பிள்ளை எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. இரண்டும் இரு வேறு உலகத்துப் பொருள்கள்

தொழிற்சாலைகளில் சென்சார்கள் பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் வேலை செய்கின்றன. அங்கே வயர்கள் நீளமானவை. பக்கத்திலேயே பெரிய மோட்டார்கள் ஓடும். அந்தச் சூழலில் சேதி கலங்காமல் போய்ச் சேர அதிக வோல்டேஜ் உதவுகிறது. உதாரணமாக, நம் பிள்ளைகள் இணையத்தில் வாங்கும் எல்.ஜே.சி. 18 வகைச் சென்சார் 6 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். இது தண்ணீரைத் தொடாமலே, மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்கு வெளியிலிருந்து உள்ளே தண்ணீர் இருப்பதை உணரக்கூடியது. சுவர் கனமான தொட்டியில் அதற்கு எட்டாது. தொட்டிக்குப் பக்கவாட்டில் மட்டம் பார்க்க மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று வைத்து, அதன்மேல் பொருத்த வேண்டும்.

ராஸ்பெர்ரி பை 2012இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி கற்பதற்காக வெளியிடப்பட்டது. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. 5 வோல்ட்டைக்கூட அவை தாங்காது. ராஸ்பெர்ரி பை பிக்கோ, இ.எஸ்.பி. 32 ஆகிய போர்டுகளும் 3.3 வோல்ட்தான். இத்தாலியில் 2005இல் பிறந்த ஆர்டுயினோவின் யூனோ போர்டு 5 வோல்ட்டில் இயங்குவது. எதை எடுத்தாலும் 24 வோல்ட் அதற்கு அளவு மீறியது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அரசலாற்றில் வரும் தண்ணீரை அப்படியே நாற்றங்காலுக்குள் திருப்பினால் நாற்று அடித்துக்கொண்டு போய்விடும். இடையில் மதகு வைத்து, வாய்க்கால் வெட்டி, மடை திறந்துதான் விடுகிறோம். சென்சாருக்கும் கணினிக்கும் இடையிலும் ஒரு மதகு வேண்டும்.

2. நேராக இணைத்தால் என்ன ஆகும்?

பின்னுக்கு வரும் வோல்டேஜ் 3.3ஐத் தாண்டும்போது, சிப்புக்குள் இருக்கும் சிறிய காப்பு டையோடு அந்த அதிகப்படி மின்சாரத்தைத் திருப்பிவிடப் பார்க்கும். அது கணநேரத் தூறலுக்கு வைத்த குடை, அடைமழைக்கு ஆகாது. 24 வோல்ட் நேராக வந்தால் அந்த டையோடு போய், பின் போய், பல நேரம் முழு போர்டும் போய்விடும். ராஸ்பெர்ரி பையில் அந்த ஒரு சிப்பை மட்டும் மாற்றிக்கொள்வதும் வீட்டில் நடக்கிற காரியமல்ல.

சிலர், “இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைப் பங்கிட்டால் போதுமே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராக வைத்தால், 24 வோல்ட்டுக்கு 3.13 வோல்ட் கிடைக்கும். நல்லதுதான். ஆனால் சப்ளை 30 வோல்ட்டுக்கு ஏறினால் 3.9 வோல்ட் வரும், வரம்பு தாண்டிவிட்டது. கீழே உள்ள 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரின் கால் ஒன்று பிரெட்போர்டில் கழன்றால், தடுக்க 10 கிலோ ஓம் மட்டுமே மிஞ்சும். பங்கீடு அங்கே முடிந்தது. மேசைமேல் வைத்துச் சோதிக்க இது சரி. மொட்டைமாடித் தொட்டிக்கு ஆகாது.

3. வயர் நிறமும், என்.பி.என்., பி.என்.பி. என்ற இரு வகையும்

இத்தகைய மூன்று வயர் சென்சார்களில் நிறங்கள் சர்வதேசத் தரப்படி ஒரே மாதிரி இருக்கும். பிரவுன் வயர் பிளஸ். நீல வயர் மைனஸ். கருப்பு வயர் சிக்னல். வீட்டு வயரிங்கில் நாம் பழகிய நிற வழக்கத்தை இங்கே கொண்டு வரக் கூடாது. கருப்புதானே நியூட்ரல் என்று எண்ணி மைனஸில் கொடுப்பவர்கள் சென்சாரையே இழக்கலாம். விலை குறைந்த பொருள்களில் நிறம் மாறியும் வருவதுண்டு. எனவே உடலில் ஒட்டியுள்ள லேபிளைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்தது வகை. பி.என்.பி. சென்சார் பொருளை உணர்ந்ததும் கருப்பு வயரைப் பிளஸ்ஸோடு சேர்க்கும். அதாவது 24 வோல்ட்டை வெளியே தள்ளும். என்.பி.என். சென்சார் உணர்ந்ததும் கருப்பு வயரை மைனஸோடு சேர்க்கும். அதாவது கீழே இழுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “என்.பி.என். மைனஸுக்குத்தானே இழுக்கிறது, 24 வோல்ட்டை வெளியே விடுவதில்லையே, அதை நேராக இணைக்கலாம்” என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் பல என்.பி.என். சென்சார்களுக்குள் கருப்பு வயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். சென்சார் எதையும் உணராமல் சும்மா இருக்கும்போது, அந்த ரெசிஸ்டர் வழியாக 24 வோல்ட் கருப்பு வயரில் நிற்கும். போர்டு உடனே சாகாமல் நாலு நாள் ஓடி, மெல்ல மெல்லக் கெடும். நீல வயர் கழன்றுவிட்டால் நிலை இன்னும் மோசம். எந்த வகையாக இருந்தாலும் நேராக இணைக்காதீர்கள் என்பதே விதி.

4. ஒளியால் சேதி சொல்லும் மதகு

நாம் வைக்கப் போகும் மதகின் பெயர் ஆப்டோகப்ளர். எங்கும் கிடைப்பது பி.சி. 817. நான்கு கால்கள் உள்ள, விரல் நகத்தைவிடச் சிறிய பொருள். அதற்குள் ஒரு பக்கம் சின்ன எல்.இ.டி. விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியைக் கண்டால் திறக்கும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவே வயர் கிடையாது. ஒளி மட்டுமே போகிறது.

காரைக்கால் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் ஒளி கடலில் இருக்கும் படகுக்குச் சேதி சொல்கிறது. விளக்கையும் படகையும் கட்டி வைத்த கயிறு எதுவும் இல்லை. கரையில் என்ன நடந்தாலும் படகை அது இழுக்காது. அதுபோல, 24 வோல்ட் பக்கம் என்ன கோளாறு வந்தாலும் கணினிப் பக்கம் ஒளியோ இருளோ மட்டும்தான் போகும்.

ஆப்டோகப்ளரின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும். அது முதல் கால். அந்தப் பக்கத்தில் 1, 2. எதிர்ப்பக்கத்தில் 2க்கு நேர் எதிரே 3, 1க்கு நேர் எதிரே 4.

தேவையான பொருள்கள்: பி.சி. 817 ஒன்று, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1என் 4148 டையோடு ஒன்று, நல்ல கம்பெனி 24 வோல்ட் அடாப்டர் ஒன்று.

சென்சார் பக்கம், பி.என்.பி. ஆக இருந்தால்: கருப்பு வயரிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 1ஆம் காலுக்கு. 2ஆம் காலிலிருந்து 24 வோல்ட்டின் மைனஸுக்கு.

என்.பி.என். ஆக இருந்தால்: 24 வோல்ட்டின் பிளஸ்ஸிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக 1ஆம் காலுக்கு. 2ஆம் காலிலிருந்து கருப்பு வயருக்கு.

இரண்டிலும் பிரவுன் வயர் பிளஸ்ஸுக்கும், நீல வயர் மைனஸுக்கும் வழக்கம்போல் போகும். டையோடை 1, 2 கால்களுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை 1ஆம் காலில் இருக்கும்படி வையுங்கள். யாராவது வயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் உள்ளிருக்கும் விளக்கை அது காக்கும்.

ஏன் 4.7 கிலோ ஓம்? விளக்கு ஏறத்தாழ 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 22.8 வோல்ட்டை 4,700ஆல் வகுத்தால் 4.85 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் வெளிப்படும் வெப்பம் 0.11 வாட்; கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும். இணையத்தில் சில படங்களில் இங்கே 2.2 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். 24 வோல்ட்டில் அது 0.24 வாட்டாகி, கால் வாட் ரெசிஸ்டரின் விளிம்பில் நிற்கும், தொட்டால் சுடும். நீங்கள் 12 வோல்ட் அடாப்டர் பயன்படுத்தினால் மட்டும் 2.2 கிலோ ஓம் சரியான அளவு.

கணினிப் பக்கம்: 4ஆம் காலை ராஸ்பெர்ரி பையின் 11ஆம் பின்னுக்குக் கொடுங்கள் (நிரலில் இதன் பெயர் ஜி.பி.ஐ.ஓ. 17). அதே 4ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 1ஆம் பின்னுக்கு, அதாவது 3.3 வோல்ட்டுக்கு. 3ஆம் காலை 9ஆம் பின்னுக்கு, அதாவது கிரவுண்டுக்கு. கவனம்: 1ஆம் பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 2ஆம் பின் 5 வோல்ட். ஒரு பின் தள்ளிச் சொருகினால் இத்தனை பாடுபட்டதும் வீண். எண்ணிப் பார்த்துச் சொருகுங்கள். இன்னொருவரையும் எண்ணச் சொல்லுங்கள்.

24 வோல்ட்டின் மைனஸையும் கணினியின் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் நடுவில் வைத்த மதகுக்கே பொருளில்லாமல் போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் இருக்கட்டும்.

சென்சார் உணரும்போது விளக்கு எரியும், டிரான்சிஸ்டர் திறக்கும், பின் 0 வோல்ட்டுக்கு வரும். உணராதபோது 3.3 வோல்ட்டில் நிற்கும். அதாவது சேதி தலைகீழாக வருகிறது. நிரல் எழுதும்போது இதை நினைவில் வைத்தால் போதும்.

5. பென்சில் செல் சோதனை

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்வதென்றால் இது: முதலில் அளந்து பார், பிறகு இணை.

கணினியை மேசையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு பென்சில் செல்களைத் தொடராக வைத்தால் 3 வோல்ட் கிடைக்கும். செல்லின் பிளஸ்ஸை 10 கிலோ ஓம் வழியாக 4ஆம் காலுக்கும், மைனஸை 3ஆம் காலுக்கும் கொடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை 3ஆம் காலிலும் சிவப்பு முனையை 4ஆம் காலிலும் பிடியுங்கள்.

சென்சார் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 3 வோல்ட் காட்ட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைச் சென்சாரின் முகத்துக்கு அருகே கொண்டு வந்தால் 0.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இருபது முறை மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். எப்போதாவது 3ஐவிட அதிகமான வோல்ட் தென்பட்டால் எங்கோ 24 வோல்ட் கசிகிறது, நிறுத்திவிட்டுத் தேடுங்கள். பிழை இருந்தாலும் போவது இரண்டு செல்கள்தான்.

சோதனை தேறிய பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கணினியை இணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது எந்த வயரையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. அவசரத்தில் ஒரு வயர் நழுவி வேறொரு பின்னைத் தொட்டால் போதும்.

6. அளவு சொல்லும் சென்சார்: 4 முதல் 20 மில்லி ஆம்பியர்

மேலே பார்த்தது “இருக்கிறது, இல்லை” என்று மட்டும் சொல்லும் சென்சார். தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்ல வேறு வகை வேண்டும். தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும், தொட்டிக்குள் தொங்கவிடும் டிரான்ஸ்மிட்டர் அதற்கு ஏற்றது. இது வோல்டேஜால் பேசுவதில்லை, கரண்டால் பேசுகிறது. தொட்டி காலி என்றால் 4 மில்லி ஆம்பியர், நிறைந்தால் 20.

காலிக்கு 0 என்று வைத்திருக்கலாமே, ஏன் 4? இதை வகுத்தவர்களின் அறிவு இங்கேதான் தெரிகிறது. 0 வந்தால் அது தண்ணீரைப் பற்றிய சேதி அல்ல. வயர் அறுந்துவிட்டது என்ற சேதி. 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் கோளாறு என்று எடுத்துக்கொள்வது தொழிற்சாலை வழக்கம். இதை அறியாமல் நிரல் எழுதினால் என்ன ஆகும்? எலி வயரைக் கடித்துவிடும்; கணினி அதைத் “தொட்டி காலி” என்று படிக்கும்; மோட்டாரைப் போட்டுவிடும்; விடிய விடியத் தண்ணீர் வழியும், அல்லது போர் வற்றி மோட்டார் எரியும். “சேதி இல்லை” என்பதும் “தண்ணீர் இல்லை” என்பதும் ஒன்றல்ல. நிரலில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எந்தக் கருவியையும் பள்ளிவாசலில் பொருத்த அனுமதியுங்கள்.

கரண்டை வோல்டேஜாக மாற்ற 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். 4 மில்லி ஆம்பியருக்கு 0.6 வோல்ட், 20க்கு 3.0 வோல்ட். இங்கே ஒரு சதவீதத் துல்லியம் உள்ள ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள். தொழிற்சாலைப் புத்தகங்களில் 250 ஓம் என்று இருக்கும். அது 5 வோல்ட் வரை தரும் என்பதால் நம் கணினிக்கு ஆகாது.

ராஸ்பெர்ரி பைக்கு வோல்டேஜை அளக்கும் திறன் சொந்தமாகக் கிடையாது. ஏ.டி.எஸ். 1115 என்ற சிறிய அளவி போர்டு நடுவில் வேண்டும். அதற்கு 3.3 வோல்ட்டையே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் சேதி வயர்கள் வழியாகவே 5 வோல்ட் கணினிக்குள் வந்துவிடும்.

இணைப்பு இப்படி: 24 வோல்ட் பிளஸ்ஸிலிருந்து 50 மில்லி ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து டிரான்ஸ்மிட்டரின் பிளஸ், அதன் மைனஸிலிருந்து 150 ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து 24 வோல்ட் மைனஸ். ரெசிஸ்டரின் மேல்முனையிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் வழியாக அளவி போர்டின் உள்வாசலுக்கு. ரெசிஸ்டரின் கீழ்முனை கணினியின் கிரவுண்டுக்கு.

ஃபியூஸும் 10 கிலோ ஓமும் எதற்கு? தொட்டிக்குள் வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் 150 ஓம் ரெசிஸ்டரின் மேல் முழு 24 வோல்ட்டும் விழும்; 160 மில்லி ஆம்பியர் பாயும்; ரெசிஸ்டர் கருகும். ஃபியூஸ் போய் அதைத் தடுக்கும். அதற்குள் அளவிக்குள் புகப் பார்க்கும் கரண்டை 10 கிலோ ஓம் ஏறத்தாழ 2 மில்லி ஆம்பியருக்குள் அடக்கும். அளவி 10 வரை தாங்கும்.

கணக்கு எளிது. வந்த மில்லி ஆம்பியரில் 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, டிரான்ஸ்மிட்டரின் முழு அளவால் பெருக்க வேண்டும். 5 மீட்டர் டிரான்ஸ்மிட்டரில் 1.2 வோல்ட் வந்தால், 150ஆல் வகுக்க 8 மில்லி ஆம்பியர். 4ஐக் கழித்தால் 4. 16இல் கால் பங்கு. ஆகத் தண்ணீர் 1.25 மீட்டர்.

இந்த இணைப்பில் இரண்டு கிரவுண்டுகளும் சேர்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். மேசைச் சோதனைக்கு இது போதும். வயர் மொட்டைமாடிக்குப் போகிறது என்றால், உள்ளேயே பிரித்து வைக்கும் வசதியுள்ள ஐசொலேட்டர் மாட்யூல் ஒன்றை நடுவில் வைப்பதே நல்லது. செலவு கூடும், ஆனால் இடி விழும் காலத்தில் அதன் அருமை தெரியும்.

7. உப்புக் காற்றும் ஐப்பசி இடியும்

கோயம்புத்தூர் தொழிற்சாலைக்குள் பத்து வருடம் உழைக்கும் கருவி நம் கடற்கரையில் இரண்டு மழைக்காலம் தாண்டாமல் போகலாம். காரணம் உப்புக் காற்று. தொங்கவிடும் டிரான்ஸ்மிட்டர் வாங்கும்போது உடல் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். 304 வகையைவிட அது உப்பை நன்றாகத் தாங்கும். நம் நிலத்தடி நீரிலும் பல இடங்களில் உப்பு ஏறியிருக்கிறதே. வெளியே வைக்கும் சென்சாருக்கு ஐ.பி. 67 தரம் வேண்டும். இணைப்புப் பெட்டிக்குள் வயர் அடிப்பக்கத்திலிருந்து நுழையட்டும். நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும். வயரில் வழியும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செம்பு இழைகளை அப்படியே முறுக்கித் திருகாமல், வயர் முனைக்கு உரிய லக் வைத்து அழுத்துங்கள்.

சென்சார் வயரை மோட்டார் வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் அளவு துள்ளும். ஷீல்டு வயர் போட்டால் அதன் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் இடி மின்னல் தொடங்கினால் 24 வோல்ட் அடாப்டரையும் கணினி அடாப்டரையும் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பது சிறந்தது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை நாம் மறக்கவில்லை. கரண்டும் நெட்டும் இல்லாத நாட்கள் நமக்குப் புதிதல்ல. எனவே எந்தக் கருவி வைத்தாலும், கையால் மோட்டாரைப் போடும் பழைய சுவிட்ச் அப்படியே இருக்க வேண்டும்.

8. பிள்ளைகள் நிற்க வேண்டிய எல்லை

24 வோல்ட் வரை பிள்ளைகள் பெரியவர் ஒருவர் துணையோடு பழகலாம். 230 வோல்ட்டும், மோட்டாரின் மூன்று ஃபேஸ் மின்சாரமும் அவர்களுடைய இடமல்ல. ஈரத் தரை, வெறுங்கால், தொட்டியடி: இந்த மூன்றும் சேரும் இடத்தில் ஒரு தவறு போதும், போர்டு போனால் வாங்கிவிடலாம், உயிரை வாங்க முடியாது.

மோட்டாரைக் கணினியே போட்டு அணைக்க வேண்டும் என்றால், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. பொம்மை ரிலே போர்டில் நேராக மோட்டார் வயரை மாட்டுவதை யாரும் அனுமதிக்க வேண்டாம். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் மாதம் கணினி மோட்டாரைத் தொடவே வேண்டாம். தொட்டி நிறைந்தால் மணி அடிக்கட்டும், கோளாறு என்றால் சிவப்பு விளக்கு எரியட்டும். மோதினார் வழக்கம்போல் கையாலேயே அணைக்கட்டும். ஒரு மாதம் பொய்ச் சேதி இல்லாமல் ஓடினால், அடுத்த படியைப் பற்றிப் பேசலாம்.

பிள்ளைகள் கேட்கும் சில கேள்விகள்

கேள்வி: ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட்தானே, அதற்கும் ஆப்டோகப்ளர் வேண்டுமா?
பதில்: வேண்டும். 10 கிலோ ஓமை 3.3க்குப் பதில் 5 வோல்ட்டில் கொடுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

கேள்வி: பழைய மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இவற்றைச் சென்சாருக்குப் பயன்படுத்தலாமா?
பதில்: 12 வோல்ட் டி.சி. அடாப்டர் நல்ல நிலையில் இருந்தால், சென்சாரும் 12 வோல்ட்டை ஏற்பதாக இருந்தால் பயன்படுத்தலாம். முதலில் மல்டிமீட்டரில் வோல்டேஜையும் பிளஸ் மைனஸையும் பாருங்கள். உடைந்த, திறந்த, ஏ.சி. வெளிவிடும் அடாப்டர் எதுவும் வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் அலையும்போது சென்சார் மாறி மாறிச் சொல்கிறதே?
பதில்: ஒரே ஒரு சேதியை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டு வினாடிக்கு ஒருமுறை பார்த்து, ஐந்து முறை ஒரே பதில் வந்தால் மட்டும் ஏற்கும்படி நிரலில் எழுதுங்கள்.

கேள்வி: சென்சாரில் லேபிள் அழிந்துவிட்டது. எந்த வகை என்று எப்படி அறிவது?
பதில்: பிரவுன், நீல வயர்களுக்கு 12 வோல்ட் கொடுங்கள். 4.7 கிலோ ஓமைக் கருப்புக்கும் நீலத்துக்கும் குறுக்கே வைத்து, அதன்மேல் வோல்டேஜை அளந்து பாருங்கள். உணரும்போது அது ஏறத்தாழ 12க்கு ஏறினால் பி.என்.பி. ஏறாவிட்டால் ரெசிஸ்டரைப் பிரவுனுக்கும் கருப்புக்கும் மாற்றி வைத்து, அதே போல் அதன்மேல் அளந்து பாருங்கள். உணரும்போது அங்கே ஏறினால் என்.பி.என். உணராதபோது ஏறி, உணரும்போது இறங்கினால், அது தலைகீழாக வேலை செய்யும் சென்சார். நிரலில் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பொருத்துமுன் சரிபார்க்க

லேபிளைப் படித்தாயிற்றா? என்.பி.என்.னா, பி.என்.பி.யா என்று தெரியுமா? ரெசிஸ்டரின் அளவை மீட்டரில் பார்த்தாயிற்றா? ஆப்டோகப்ளரின் புள்ளி எங்கே இருக்கிறது? இரண்டு கிரவுண்டும் தனித்தனியா? பென்சில் செல் சோதனை இருபது முறை தேறியதா? வயர் அறுந்தால் கணினி என்ன சொல்லும் என்று வயரைக் கழற்றியே சோதித்தாயிற்றா? கையால் போடும் சுவிட்ச் வேலை செய்கிறதா? இந்த எட்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்த பிள்ளையின் கருவியைப் பள்ளிவாசல் தொட்டியில் நம்பி வைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை போர்டு கேட்கும்போது, அதோடு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுங்கள். இந்த வேலைக்குத் தேவையான பொறுமையும் கவனமும் அவர்களிடம் குறைவில்லை. கணினி செய்யக் கற்றுக்கொடுக்கும். மீட்டர் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கும். நம் பள்ளிவாசல், மத்ரஸா, வீட்டுத் தொட்டிகளில் வீணாகும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நம் பிள்ளைகளின் கைகளே மிச்சப்படுத்தும் நாள் இன்ஷா அல்லாஹ் தூரத்தில் இல்லை.

வஸ்ஸலாம்.

— செயலாளர்